எல்லை ரோட்டில் இரண்டு போலீஸ்: நிஜத்துக்கு நெருக்கமான ஆக்‌ஷன் படம் எடுக்க வருபவர்களுக்கு

இரண்டு போலீஸ்காரர்களை வைத்து ஒரு கரடுமுரடான, நம்பும்படியான ஆக்‌ஷன் படம் எடுக்க வேண்டும் என்று கடலூர், புதுச்சேரிப் பக்கம் நிறையப் பேர் ஆசையோடு கிளம்புகிறார்கள். கையில் நல்ல செல்போன் இருக்கிறது, கூட நிற்க நாலு நண்பர்கள் இருக்கிறார்கள், வாடகைக்குக் காக்கி உடுப்பும் கிடைக்கிறது. எடுத்த எடுப்பில் சண்டைக் காட்சியில் இறங்கி, காசும் நாளும் அதிலேயே கரைந்துவிடும். இந்தக் கட்டுரையில் சண்டை கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். நிஜப் போலீஸ் வேலையில் ஒரு அடி விழுந்தால் மறுநாள் அதற்கு ஒரு தாளில் கணக்கு எழுத வேண்டும், இல்லையென்றால் எழுதாமல் மறைக்க வேண்டும். எழுதுவதா மறைப்பதா என்று ஒரே ஜீப்பில் போன இரண்டு பேருக்குள் வருகிற இழுபறிதான் உங்கள் கதை. அது கையில் கிடைத்துவிட்டால் மற்றதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம்.

முதல் வேலை: ரோட்டைப் பாருங்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் சுமார் 22 கிலோமீட்டர். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை என்று வந்தால் புதுச்சேரி முடிந்துவிடும். அப்புறம் தமிழ்நாடு, ரெட்டிச்சாவடி, தென்பெண்ணையாறு, ஆல்பேட்டைச் சோதனைச்சாவடி எல்லாம் தாண்டி கடலூர் மஞ்சக்குப்பம். பஸ்ஸில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் அரசாங்கம் மாறிவிடுகிறது. வயல் அதேதான், மொழி அதேதான், பல வீடுகளில் சொந்தக்காரர்கள்கூட இரண்டு பக்கமும் இருப்பார்கள். மாறுவது போலீஸ். அந்தப் பக்கம் யூனியன் பிரதேசக் காவல்துறை, இந்தப் பக்கம் தமிழ்நாடு காவல்துறை. உயரதிகாரி வேறு, கட்டுப்பாட்டு அறை வேறு. இரண்டும் காக்கிதான் என்றாலும் புதுச்சேரிக் காவலர் தலையில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்துச் சிவப்புத் தொப்பி இருக்கும். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கை மாறியது, தொப்பி மட்டும் மாறவில்லை. ஒரே ஃபிரேமில் அந்தத் தொப்பியும் தமிழ்நாட்டுக் காவலர் தொப்பியும் நின்றால் எல்லை எங்கே என்று வசனத்தில் சொல்லவே வேண்டாம்.

இந்த ரோட்டில் நடக்கும் குற்றமும் எல்லையால்தான் வருகிறது. தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். புதுச்சேரியில் தனியார் கடைகள், வரி வேறு, விலை குறைவு. ஆகவே பாட்டில் தெற்கே போகும், மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு அதைத் தேடும். சீட்டுக்கு அடியில், கதவுப் பலகைக்குள், காய்கறி மூட்டைக்கு நடுவில் என்று விதவிதமாக மறைத்துக் கொண்டுபோவார்கள். புதியவர்கள் உடனே சர்வதேசப் போதைக் கும்பல், கண்டெய்னர், ஹெலிகாப்டர் என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். ஒரு ஸ்கூட்டி, நாற்பது குவார்ட்டர் பாட்டில், ஓட்டி வருவது புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண். அவளைப் பிடிக்கிற இரண்டு காவலர்களில் ஒருவர் அவளுக்கு ஊர்க்காரர். இதை வைத்தே ஒரு மணி நேரப் படம் எடுக்கலாம்.

சரி, இடம் தேடும்போது ஒரு வேண்டுகோள். மஞ்சள் சுவர், காகிதப்பூ, கடற்கரைச் சாலை, இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். எல்லாரும் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். பாகூர் ஏரிக்கரை, தேங்காய்த்திட்டு, கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம், சிப்காட் ஆலைகளை ஒட்டிய கிராமங்கள், கேப்பர் மலை மத்திய சிறைக்குப் போகும் பாதை ஆகியவற்றைப் போய்ப் பாருங்கள். அந்த இடங்களில் போலீஸ் வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் தானாகவே ஓடத் தொடங்கும். காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசை கட்டி நிற்கும்; அது கதைக்கு உதவுமா கெடுக்குமா என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று புயல்கள் இந்தக் கரையைத்தான் தாக்கின. வெள்ளத்தில் கயிறு கட்டி ஆள் மீட்டவர்களில் இதே ஏட்டுகளும் இருந்தார்கள். அதையும் கதையில் கொண்டுவரலாம்.

இரண்டாவது: ஜோடியை ட்யூட்டி சேர்க்கட்டும்

வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல ஆளுக்கு ஒரு நிரந்தரக் கூட்டாளி என்ற ஏற்பாடு நம் ஸ்டேஷன்களில் கிடையாது. யார் யாரோடு போக வேண்டும் என்று ட்யூட்டி போடும் நோட்டு சொல்லும். இன்றைக்கு நைட் ரவுண்ட்ஸ், நாளைக்குப் பாரா என்கிற காவல் நிற்கும் வேலை, மறுநாள் கோர்ட், அடுத்த நாள் மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் பந்தோபஸ்து, சுருக்குமடி வலைப் பிரச்சினை கிளம்பினால் வாரக்கணக்கில் மீனவக் கிராமத்தில் காவல். ஆகவே உங்கள் இருவர் ஏன் திரும்பத் திரும்ப ஒன்றாக இருக்கிறார்கள் என்பதற்குக் கதையிலேயே காரணம் இருக்க வேண்டும். நான்கு வழிகள் எனக்கு நம்பகமாகப் படுகின்றன. ஓய்வு நெருங்கும் ஒரு ஏட்டும், புதிதாகச் சேர்ந்த இரண்டாம் நிலைக் காவலரும் ஒரே பீட் பைக்கில் போவது. ஒரு எஸ்.ஐ.யும் அவருடைய ஜீப் டிரைவரும். மகளிர் ஸ்டேஷனில் இரண்டு பெண் காவலர்கள். தமிழ்நாட்டில் 1992-லிருந்து அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருந்தும் இந்த ஜோடியை வைத்துக் கதை சொன்னவர்கள் குறைவு என்பது என் வருத்தம். நான்காவது, ஒருவர் தமிழ்நாடு, இன்னொருவர் புதுச்சேரி. ஒரே வழக்கு இரண்டு பக்கமும் இழுபடுவதால் சேர்ந்து அலைகிறவர்கள். கடைசி வகை இந்த ஊருக்கென்றே பிறந்தது.

ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைத் தவறவிட்டால் முதல் நிமிடத்திலேயே படம் பொய்யாகிவிடும். இளைய காவலர் ஏட்டை "ஏட்டையா" என்பார், நெருக்கம் வந்ததும் "அண்ணே" ஆகும். ஏட்டு அவரைத் "தம்பி" என்பார், கோபத்தில் "டேய்" வரும். இரண்டு பேரும் எஸ்.ஐ.யிடம் "ஐயா"தான். "தம்பி" என்றே அழைத்துவந்தவர் ஒருநாள் திடீரென்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏதோ முறிந்துவிட்டது என்று புரிந்துவிடும்.

மூன்றாவது: காகிதம் படியுங்கள்

நிறையப் பேர் தாண்டிப் போகிற படி இது. என்னைக் கேட்டால் பாதி வேலை இதில்தான் இருக்கிறது.

எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற சில வகை தவிர மற்றவற்றைக் காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம். ஒரே ஸ்டேஷனின் எஃப்.ஐ.ஆர்.களை வரிசையாக உட்கார்ந்து படியுங்கள். "வாதி", "எதிரி", "மேற்படி நபர்", "அசிங்கமாகத் திட்டி" என்று ஒரு தனி மொழி ஓடும். ரத்தமும் கண்ணீருமாக நடந்த ஒன்று எப்படி நாலு பாராவில் அடங்குகிறது என்று பார்க்கும்போது ஸ்டேஷன் ரைட்டர் எவ்வளவு முக்கியமான கதாபாத்திரம் என்று தெரியும். நடந்ததை வாக்கியமாக்குகிறவர் அவர். எந்த வார்த்தை உள்ளே போகிறது, எது வெளியே நிற்கிறது என்பதில் ஒருவருடைய பல வருஷ வாழ்க்கை தொங்கும்.

அடுத்து, நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். மஞ்சக்குப்பத்தில் கடலூர் நீதிமன்ற வளாகம், புதுச்சேரியில் கடலூர் சாலையிலேயே நீதிமன்ற வளாகம். பெரும்பாலான விசாரணைகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன, ஓரமாக அமைதியாக உட்கார்ந்து கேட்கலாம். குறுக்கு விசாரணையில் வக்கீல் ஒரு காவலரை நேரத்தைப் பற்றி மடக்குவதைப் பாருங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எத்தனை மணிக்குச் சேர்ந்தீர்கள், இடையில் யார் இருந்தார்கள். பல துரத்தல் காட்சிகளில் இல்லாத விறுவிறுப்பு அந்தக் கேள்விகளில் இருக்கும்.

மூன்றாவதாக, ஓய்வுபெற்ற காவலர்களிடம் பேசுங்கள். வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். பாராவில் நின்ற காலைப் பற்றி, பந்தோபஸ்தில் சோறு எப்போது வந்தது என்பதைப் பற்றி, வீட்டு விசேஷத்துக்குப் போக முடியாமல் போனதைப் பற்றிக் கேளுங்கள். காவலர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று தமிழ்நாடு அரசு 2021-இல்தான் ஆணையிட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால், அவர்கள் சொல்வதன் கனம் புரியும். போலீஸிடம் அடிபட்டவர்களிடமும் பேசுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதினால் அது விளம்பரமாகப் போய்விடும்.

நான்காவது: ஒரு சின்னப் பொய்யில் தொடங்குங்கள்

பெரிய சதியைத் தேடாதீர்கள். ஒரு உதாரணம் தருகிறேன். நைட் ரவுண்ட்ஸ் போகும் காவலர்கள் ஏ.டி.எம்., கோயில், வங்கி, நகைக்கடை வாசலில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். (சில இடங்களில் இப்போது செல்போனில் கியூ.ஆர். கோடு ஸ்கேன் செய்கிறார்கள். உங்கள் கதை நடக்கும் ஸ்டேஷனில் எது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.) கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைத்தெரு, ஷட்டர்கள் இறங்கியிருக்கின்றன, மூலையில் ஒரு டியூப்லைட் மட்டும் விட்டுவிட்டு எரிகிறது. ஏட்டு பைக்கை விட்டு இறங்கவில்லை. இளையவர் நோட்டைச் சுவரில் வைத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறார்.

"ரெண்டு பத்துன்னு போடு தம்பி."

"ஏட்டையா, இப்ப மணி ஒண்ணு நாப்பது."

"ரெண்டு பத்துக்கு நாம இங்க திரும்பி வரப்போறதில்ல. போடு."

போடுகிறார். ஏட்டுக்கு மனைவி ஆஸ்பத்திரியில், அரை மணி நேரம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்தில் அதே தெருவில் ஒருவன் வெட்டப்படுகிறான். இப்போது நோட்டின்படி இரண்டு போலீஸ்காரர்கள் சம்பவ இடத்தில் இருந்திருக்கிறார்கள், எதையும் பார்க்கவில்லை. வெட்டுப்பட்டவனை ஜிப்மருக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கே உயிர் போகிறது. ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கும் கோரிமேடு புதுச்சேரி எல்லைக்குள் இருப்பதால் ஆஸ்பத்திரித் தகவல், பிரேதப் பரிசோதனை, சவக்கிடங்கு வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் என்று எல்லாமே பக்கத்து அரசாங்கத்தின் மண்ணில் நடக்கிறது. ஒரு நேரத்தை மாற்றி எழுதியது இத்தனை தூரம் வந்து நிற்கிறது. இருவரில் யார் முதலில் உண்மையைச் சொல்வது? இதற்கு மேல் ஒரு வில்லன்கூடத் தேவையில்லை.

சட்டத்தில் தடுக்கி விழாமல் இருக்கச் சில விஷயங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றம் என்றால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான். கொலைக்கு 302 என்று வசனம் எழுதாதீர்கள், இப்போது 103. கதை அதற்கு முந்தைய காலம் என்றால் பழைய எண்ணே சரி. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் இதில் சேராது. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது, ஆனால் அவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருளை எடுத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். அரிவாளை ஏரிக்குள்ளிருந்து எடுப்பதற்கு ஏன் இத்தனை பேர் சாட்சியோடு போகிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, எல்லா எல்லைக் கதைகளிலும் வரும் தப்பு: முள்ளோடையைத் தாண்டிவிட்டால் தமிழ்நாடு போலீஸ் துரத்தக் கூடாது என்று எழுதுவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 45-ஆம் பிரிவு, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத் தனக்கு அதிகாரம் உள்ள ஆளை இந்தியாவில் எங்கும் துரத்திப் போகலாம் என்கிறது. பழைய சட்டத்திலும் இது இருந்தது. ஆகவே தடுப்பது சட்டம் இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் பக்கத்துக் காவல்துறையின் இடத்தில் நுழைந்ததற்கு மேலதிகாரியிடம் வாங்கப்போகும் திட்டும் மெமோவும்தான். அந்தத் தயக்கத்தை நடிகரின் முகத்தில் காட்டினால் போதும்.

ஐந்தாவது: இப்போது சண்டை

நிஜச் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். பதினைந்து நொடி, இருபது நொடி. பிடி நழுவும், செருப்பு கழன்றுவிடும், சட்டை கிழியும், ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள், யார் மூச்சு முதலில் முட்டுகிறதோ அவர் தோற்பார். ஐம்பது வயது ஏட்டு ஐந்து பேரைப் பறக்க விட மாட்டார். அவர் ஒருவனை இடுப்பைச் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு "தம்பி, தம்பி" என்று கத்துவார். தம்பி வந்து சேர எடுக்கும் நேரம்தான் உங்கள் பதற்றம். சாதாரண ட்யூட்டியில் கையில் இருப்பது பெரும்பாலும் லத்தி மட்டும். காலில் அடிப்பது பயிற்சி, தலையில் அடிப்பது ஆத்திரம். அந்த வித்தியாசம் கேமராவில் தெரிய வேண்டும்.

துப்பாக்கியை எடுத்தீர்களானால் அதன் விலையையும் காட்டுங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. சூட்டில் ஆள் இறந்தால், 2014-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் குழுவோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், சுட்டவர் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பரிசோ தரக் கூடாது. நம் படங்களில் சுட்ட மறுநாள் மாலை போடுகிறார்கள். அந்த மாலையை எடுத்துவிட்டு விசாரணை அறையில் சுட்டவரையும் கூட இருந்தவரையும் தனித்தனியாக உட்கார வையுங்கள், படத்தின் சிறந்த காட்சி அங்கேயே கிடைக்கும்.

லாக்கப்பில் அடிப்பதை வீரமாக எடுக்காதீர்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. 2020-இல் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் இறந்ததை நாடே பார்த்தது. அன்றிரவு நடந்ததை, அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். தன் ஸ்டேஷன்காரர்களுக்கு எதிராகவே பேச அவருக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே ஆண்டு டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனவே இன்றைய கதையில் அடி விழும் அறையின் மூலையில் ஒரு கேமரா இருந்தே ஆக வேண்டும், அது ஓடியதா இல்லையா என்ற கேள்வியும் வந்தே ஆக வேண்டும்.

ஆறாவது: எடுக்கும்போது

அனுமதியை இரண்டு அரசாங்கத்திடமும் தனித்தனியாக வாங்குங்கள். கடலூரில் வாங்கிய தாள் கன்னியக்கோயிலில் செல்லாது. உள்ளூர் ஸ்டேஷனில் தேதி, நேரம், இடம், எத்தனை பேர் காக்கி உடுப்பில் இருப்பார்கள், பொம்மைத் துப்பாக்கி உண்டா என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு போலீஸ் உடுப்பு போடுவது குற்றம். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லாவிட்டாலும், உடுப்போடு டீக்கடைக்குப் போன நடிகரைப் பார்த்து யாராவது பயந்தால் சிக்கல்தான். இடைவேளையில் மேலே ஒரு சட்டை போட்டு மூடச் சொல்லுங்கள். ஸ்டேஷன் பெயரையும் கிராமத்தின் பெயரையும் கற்பனையாக வையுங்கள். வில்லனின் ஊராக நிஜமான ஒரு மீனவக் கிராமத்தையோ தெருவையோ காட்டினால் அங்கே வாழ்கிறவர்கள்தான் அதைச் சுமப்பார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிஜ வேகத்தில் துரத்தல் எடுக்காதீர்கள், தயவுசெய்து. பாகூர்ப் பக்கம் வயல் ரோட்டில் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தி, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, கேமராவைத் தரையை ஒட்டி அகல லென்ஸில் வையுங்கள். பக்கத்துப் பனைமரங்கள் விர்ரென்று ஓடும், வேகம் தானாக வந்துவிடும். லத்தி நுரை ரப்பரில் இருக்கட்டும். ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகு, சிவப்பு நிறம், சிட்டிகை காபித்தூள் போதும். காபித்தூள் சேர்க்காவிட்டால் ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும். உடுப்பைப் புதிதாக விடாதீர்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மதியத்துக்குள் முதுகில் வியர்வை காய்ந்து உப்புக் கோடு விழும், அது இல்லாத காக்கி நாடக உடுப்பு மாதிரிதான் தெரியும். ஒலியில் காசு செலவழியுங்கள். வயர்லெஸ் மைக்கின் கரகரப்பு, ஸ்டேஷன் ஃபேனின் சத்தம், தூரத்தில் பஸ் ஹாரன், எல்லாவற்றையும் தனியாகப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். பின்னணி இசை இல்லாமலே பாதிக் காட்சிகள் நிற்கும்.

ஏழாவது: வெளியிடுவதற்கு முன்

எடிட்டிங் முடியும் தறுவாயில், முழுசாகப் பூட்டுவதற்கு முன்னால், மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஓய்வுபெற்ற காவலர் ஒருவர், கிரிமினல் வக்கீல் ஒருவர், ஸ்டேஷனில் அவமானப்பட்ட அனுபவம் உள்ள ஒருவர். முதல் இருவர் தப்பைச் சொல்வார்கள், திருத்திவிடலாம். மூன்றாமவர் எந்த இடத்தில் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார் என்று கவனியுங்கள். அந்தக் காட்சி உண்மையாக இருப்பதால் திரும்பினாரா, நீங்கள் அதை ரசித்து எடுத்திருப்பதால் திரும்பினாரா என்று அவரிடமே கேட்டு, இரண்டாவது காரணம் என்றால் வெட்டிவிடுங்கள். தியேட்டரில் போட வேண்டுமானால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2024 முதல் யு/ஏ வகை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது, நேர்மையாக எடுத்த போலீஸ் படம் 16-க்கோ ஏ-வுக்கோ போக வாய்ப்பு அதிகம் என்பதைத் தயாரிப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இணையத்தில் மட்டும் ஏற்றுகிற குறும்படத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் அந்த மூன்று பேருக்குக் காட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.